வந்து வந்து போன மஞ்சள் விளக்கு

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் காரோடு போய் நிற்பது ஒரு தவம். நாலேகாலுக்கு மணி அடிக்கும். நிழலில் இடம் வேண்டுமென்றால் மூன்றே முக்காலுக்கே போய்விட வேண்டும். வெயிலில் ஏ.சி.யை நிறுத்தினால் கார் இட்லிக் கொப்பரை ஆகிவிடும் என்பதால் எஞ்சினும் ஓடிக்கொண்டே இருக்கும். 2025 ஆகஸ்டில் அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு நாள்தான் அந்த விளக்கு முதன்முதலாக எரிந்தது. ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில், எஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு.

காரின் சொந்தக்காரர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். கார் 2014 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. சென்னையில் பதிவானது, 2019-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஓடியது 1,18,000 கிலோமீட்டர். விளக்கு எரிந்தாலும் இழுவை குறையவில்லை, சத்தம் இல்லை, புகை இல்லை. மகளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மறுநாளும் எரிந்தது. அந்த வாரக் கடைசியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். போய்வந்து, திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் விளக்கைக் காணோம்.

தானே வந்தது, தானே போயிற்று. மெக்கானிக்குகளுக்கு எரிச்சல் ஊட்டுவது இந்த மாதிரிக் கோளாறுதான். நடுரோட்டில் நின்றுபோன வண்டியில் எங்கே கை வைப்பது என்று தெரியும். ஜம்மென்று ஓடுகிற வண்டியில் எதைத் தேடுவது?

பத்து நாள் கழித்து விளக்கு திரும்பி வந்தபோது, வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். பையன் ஸ்கேனரை மாட்டினான், எதையோ பார்த்தான், ஒரு பட்டனை அமுக்கினான். விளக்கு அணைந்தது. “சும்மா சென்சார் எர்ரர் அண்ணாச்சி. அழிச்சாச்சு, இனி வராது” என்றான். இருநூறு ரூபாய். என்ன எர்ரர் என்று கணக்கர் கேட்கவில்லை, பையனும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் விளக்கு வந்தது. இரண்டாவதாகப் போன இடத்தில் கோளாறின் எண்ணையாவது சொன்னார்கள்: பி0171. “ஆக்ஸிஜன் சென்சார் போயிட்டு சார்” என்று புதிதாக ஒன்றை மாட்டினார்கள். கூலியோடு ஆறாயிரத்துச் சொச்சம். மூன்று வாரம் நிம்மதி. அக்டோபர் நடுவில் அதே பள்ளிக்கூட வாசல், அதே மஞ்சள்.

இந்த இடத்தில் கணக்கரை நிறுத்திவிட்டு, விளக்கின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால், வண்டி நன்றாக ஓடும்போதும் இது ஏன் எரிகிறது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் கண் எரிய வைக்கும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. போர்க்காலம். ஜப்பான்காரர்கள் விஷவாயு விட்டுவிட்டார்களோ என்று ஜனங்கள் பயந்துபோனார்கள். புகைமூட்டம் அதன் பிறகும் விடவில்லை. கடைசியில் புதிரை அவிழ்த்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். கால்டெக் என்ற கல்வி நிறுவனத்தில் அன்னாசிப்பழத்தின் வாசனைக்கு எந்தெந்தப் பொருட்கள் காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர். பழத்துக்குப் பயன்படுத்திய அதே முறையை ஊர்க் காற்றின் மேல் திருப்பினார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடுகிற ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால்தான் இந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்று கண்டு சொன்னார். பின்னாளில் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

புதுக் கார் சுத்தமாகப் புகை விட்டால் போதாது, பழசான பிறகும் ஒழுங்காக இருக்கிறதா என்று காரே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அந்த வாரியத்தில் பிறந்தது. ஓபிடி என்று சொல்கிறார்களே, அதுதான். அதன் முதல் வடிவம் 1988 மாடல் கார்களோடு கலிபோர்னியாவில் வந்தது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பதினாறு பின் சாக்கெட், ஒரே மாதிரி எண்கள் என்ற இரண்டாம் வடிவம் 1996 முதல் அமெரிக்கா முழுக்கக் கட்டாயமானது. இந்தியாவில் பிஎஸ்-4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. கணக்கரின் 2014 மாடல் இந்த இரண்டாம் கட்டத்து வண்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் அந்தப் பதினாறு பின் சாக்கெட் இருந்தது. ஆறு வருடமாக அவர் அதைப் பார்த்ததே இல்லை.

ஆக, மஞ்சள் விளக்கு அடிப்படையில் புகைக்கான காவல்காரன். எஞ்சின் படுத்துவிடப்போகிறது என்பதைச் சொல்வது அதன் முதல் வேலை அல்ல. ஆயில் பிரஷர் விழுந்தாலோ, எஞ்சின் கொதித்தாலோ எரிவது சிவப்பு. அதற்கு உடனே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். மஞ்சளே கண் சிமிட்டினால் மட்டும் கதை வேறு. எஞ்சினில் மிஸ்ஸிங் பலமாக அடிக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், கிடைத்த முதல் இடத்தில் நிறுத்திவிடுவது நல்லது. கன்வர்ட்டர் போனால் செலவு பல்லாயிரங்களில்.

இனி, விளக்கு எப்படி முடிவெடுக்கிறது என்பது. வந்து வந்து போகிற கோளாறில் முக்கியமான விஷயமே இதுதான். எஞ்சினுக்குள் ஒரு அளவு எல்லை மீறிய அந்த நொடியே பெரும்பாலும் விளக்கு எரிந்துவிடாது. ஒருமுறை பார்த்ததை கம்ப்யூட்டர் சந்தேகக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் அதே குற்றம் தெரிந்தால்தான் விளக்கைப் போடும். சில வண்டிகளில் மூன்றாவது பயணம் வரை காத்திருக்கும். அதே மாதிரி, கோளாறு நின்ற உடனே அணைக்கவும் செய்யாது. தொடர்ந்து மூன்று பயணங்கள் சுத்தமாகப் போக வேண்டும். விளக்கு அணைந்த பிறகும் எண் அழிந்துவிடுவதில்லை. எஞ்சின் நாற்பது தடவை குளிர்ந்த நிலையிலிருந்து நன்றாகச் சூடேறி முடிக்கும்வரை அது நினைவில் கிடக்கும். ‘நன்றாக’ என்பதற்கும் கணக்கு உண்டு: கூலன்ட்டின் வெப்பம் குறைந்தது 22 டிகிரி ஏறி, 70 டிகிரியையாவது தொட வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போய் வருவது இதில் சேராது.

இதன்படி பார்த்தால், விளக்கு எரிந்த நாளும் கோளாறு நடந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை நடந்ததற்குச் செவ்வாய்க்கிழமை விளக்கு எரிகிறது. வியாழக்கிழமையே எல்லாம் சரியாகிவிட்டாலும் ஞாயிறுவரை எரிந்துகொண்டிருக்கிறது. ‘நேற்று பெட்ரோல் போட்டேன், இன்று விளக்கு வந்துவிட்டது’ என்று பங்க்காரனைத் திட்டுகிறவர்கள் இந்தத் தாமதத்தை நினைத்துப் பார்க்கலாம்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் நடந்த அநியாயமும் இப்போது புரியும். அழிக்கிற பட்டனை அமுக்கினால் எண் மட்டும் போவதில்லை. அந்த எண் பதிவான கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது என்று கம்ப்யூட்டர் பிடித்து வைத்த படமும் சேர்ந்து போய்விடும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று அதற்குப் பெயர். பல வண்டிகளில் எஞ்சின் இத்தனை நாள் கற்றுக்கொண்ட எரிபொருள் கணக்கும் துடைக்கப்பட்டுவிடும். திருட்டு நடந்த வீட்டில் போலீஸ் வருமுன் கழுவித் தள்ளிக் கோலம் போட்ட கதை.

கணக்கருக்கு இந்த விவரமெல்லாம் அப்போது தெரியாது. ஆனால் ஆறாயிரம் ரூபாய் போன கோபத்தில் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சாக்கெட்டில் செருகினால் போனில் எண்கள் ஓடும். இந்தக் கருவிகள் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு பின்கதை உண்டு. எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடாக் கம்பெனி 2005-இல் இந்த வேலைக்கான இஎல்எம்327 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் போடவில்லை. இன்று ஆன்லைனில் கிடைக்கும் மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவை அந்தச் சிப்பைப் பார்த்து எடுத்த நகல்களின் வம்சம்தான். எண் படிக்கவும், ஓடுகிற எஞ்சினின் அளவுகளைப் பார்க்கவும் அவை போதும்.

இரண்டாவது காரியம் அவருடைய தொழில் புத்தி. டேஷ்போர்டு அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டைப் போட்டுவைத்தார்.

“அக்டோபர் 14, செவ்வாய். மாலை 4.05. பள்ளி வாசல். இருபது நிமிடமாக நிற்கிறது, ஏ.சி. ஓடுகிறது. விளக்கு வந்தது. வெயில்.”

“அக்டோபர் 16, வியாழன். நல்ல மழை. ஆபீஸ் மட்டும். விளக்கு எரிகிறது. இழுவை சரி.”

“அக்டோபர் 18, சனி. நாகர்கோவில் போய்வந்தது. விளக்கு எரிகிறது.”

“அக்டோபர் 21, செவ்வாய். தீபாவளி லீவு. காலையில் விளக்கு இல்லை.”

இப்படி நாலு பக்கம். நவம்பர் முதல் வாரம் நோட்டைப் புரட்டியபோது அவருக்கே ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. விளக்கு வந்த நாட்கள் எல்லாம் பள்ளிக்கூட நாட்கள். லீவில் வரவில்லை. மழையில் வரவில்லை. நெடுஞ்சாலையில் ஒருமுறைகூட வரவில்லை. புது ஆக்ஸிஜன் சென்சார் மாட்டிய பிறகு கிடைத்த மூன்று வார நிம்மதியும் அந்தச் சென்சார் தந்ததல்ல; காலாண்டுப் பரீட்சையும் அதைத் தொடர்ந்த விடுமுறையும் தந்தது. கம்ப்யூட்டரின் கணக்கும் அப்போது புதிதாகத் துடைக்கப்பட்டிருந்தது.

இனி அந்த எண். பி0171-இல் முதல் எழுத்து எஞ்சின், கியர்பாக்ஸ் குடும்பத்தைக் குறிக்கும். அடுத்த பூஜ்யம், இது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் என்பதற்கு. அங்கே ஒன்று இருந்தால் அந்தக் கம்பெனியின் சொந்த எண். மூன்றாவதாக உள்ள ஒன்று, காற்று-எரிபொருள் பகுதி. அங்கே மூன்று இருந்தால் இக்னிஷன், மிஸ்ஸிங். நாலு என்றால் புகைக் கட்டுப்பாடு. மொத்தத்தில் பி0171 சொல்வது இவ்வளவுதான்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. காற்று அதிகம் என்று தகவல் கொடுத்தது ஆக்ஸிஜன் சென்சார். அது உண்மையைத்தான் சொன்னது. சொன்னவனையே கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

காற்று எங்கிருந்து அதிகமாயிற்று? ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் ஒருவர் நின்று ஆள் எண்ணி, சமையல்கட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார். அந்தக் கணக்குக்குச் சாப்பாடு தயாராகிறது. கணக்கரின் காரில் முன்வாசல்காரர் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்றை அளந்து சொல்வது அதன் வேலை. அதற்குப் பின்னால் எங்காவது ஒரு ஓஸ் விரிசல் விட்டிருந்தால், அது பின்வாசல். எண்ணிக்கையில் வராத பத்துப் பேர் அதன் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பந்தியில் சாம்பார் பற்றாமல் போகிறது.

வண்டி நின்றுகொண்டு ஐடிலிங்கில் ஓடும்போது முன்வாசல் வழியாக வருவதே நாற்பது பேர்தான். பின்வாசலில் பத்துப் பேர் வந்தால் கால்வாசிக் கணக்கு பிசகிவிடும். நெடுஞ்சாலையில் முன்வாசல் வழியாகவே நானூறு பேர் வருகிறார்கள். அதே பத்துப் பேர் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோவார்கள். விரிசல் விட்ட வண்டி பள்ளிக்கூட வாசலில் திணறுவதும் நாகர்கோவில் ரோட்டில் சொக்கத்தங்கமாக ஓடுவதும் இதனால்தான்.

சாம்பார் பற்றாதபோது சமையல்காரர் சும்மா இருக்க மாட்டார். அடுத்த அண்டாவில் கொஞ்சம் கூடுதலாகக் கரைப்பார். எஞ்சின் கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது. ஃப்யூயல் டிரிம் என்பது அந்தக் கூடுதல் கணக்கு. உடனடித் திருத்தம் ஒன்று, நாள்பட்ட திருத்தம் ஒன்று. இரண்டையும் கூட்டினால் நல்ல வண்டியில் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள் நிற்கும். இருபத்தைந்து சதவீதத்தை நெருங்கினால் பல வண்டிகளில் விளக்கு வந்துவிடும். கணக்கரின் போனில் தெரிந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் இது: வேகம் 0, எஞ்சின் சுற்று 760, கூலன்ட் 96 டிகிரி, உடனடித் திருத்தம் கூட்டல் 8, நாள்பட்ட திருத்தம் கூட்டல் 17. மொத்தம் 25.

இந்த எண்களை அவர் டீக்கடையில் காட்டியபோது ஒரு பட்டிமன்றமே நடந்தது. “எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் செய்ற வேலை” என்றார் ஒருவர். 2025-இல் ஊரெங்கும் ஓடிய வாதம் இது. இருபது சதவீத எத்தனால் கலப்பை 2030-க்குள் எட்டுவது என்றிருந்த இலக்கு 2025-க்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது; பங்க்குகளில் அந்தக் கலவையே வழக்கமாகிவிட்டது. பழைய வண்டிக்காரர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. நிதி ஆயோக் வெளியிட்ட 2021-ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கையே, பத்து சதவீதக் கலவைக்குச் சீரமைத்த பழைய கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று சொல்லியிருந்தது.

ஆனால் விளக்கைப் பொறுத்தவரை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பத்து சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 14.1, இருபது சதவீதக் கலவைக்கு 13.5. பத்துக்குச் சீரமைத்த வண்டியில் இருபதை ஊற்றினால் அதே காற்றுக்கு நாலு சதவீதம் கூடுதல் எரிபொருள் கேட்கும். நாலு, இருபத்தைந்து அல்ல. அதோடு, எத்தனாலால் வரும் கூடுதல் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெட்ரோல் நின்றாலும் அதே பெட்ரோல், ஓடினாலும் அதே பெட்ரோல். கணக்கர் வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங்கில் ஒருமுறையும் எஞ்சினை 2,500 சுற்றில் பிடித்து ஒருமுறையும் கூட்டுத்தொகையைக் குறித்தார். ஐடிலிங்கில் 24. இரண்டாயிரத்து ஐந்நூறில் 6. எத்தனால் கட்சிக்காரர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் சொன்னதில் அந்த நாலு சதவீதம் உண்மை. ஏற்கெனவே விளிம்பில் நின்ற வண்டியை அது எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளியிருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாக் காருக்கும் முன்வாசல்காரர் கிடையாது. நம் ஊரில் ஓடும் பல சின்னக் கார்களில் காற்றை நேரடியாக அளப்பதில்லை. இன்டேக் குழாயின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடும் மேப் சென்சார்தான் இருக்கும். அந்த வண்டிகளில் ஓஸ் விரிசல் விட்டால் டிரிம் இப்படி எகிறாது. ஐடிலிங் வேகம் தானாக ஏறி நிற்பதுதான் அடையாளம். பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குப் பொருந்திய வைத்தியம் நம் காருக்குப் பொருந்தாமல் போக இப்படி நூறு காரணம் உண்டு.

நோட்டோடும் போனோடும் கணக்கர் மூன்றாவது மெக்கானிக்கைத் தேடி வண்ணார்பேட்டைப் பக்கம் போனார். அறுபது வயது இருக்கும் அவருக்கு. கார்ப்பரேட்டர் காலத்து ஆள். நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் படித்தார். பிறகு சென்சார் மாற்றிய பில்லைப் பார்த்தார்.

“காய்ச்சல் அடிக்குன்னு தெர்மாமீட்டர மாத்தியிருக்காவ அண்ணாச்சி.”

காலையில் கொண்டுவரட்டுமா என்று கணக்கர் கேட்டார்.

“காலையில கொண்டாந்தா ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடத்துல எப்படி நிக்கியளோ, அப்படியே ஏசியப் போட்டு இருவது நிமிசம் நிப்பாட்டி, சூடு ஆறாம கொண்டாங்க.”

முந்தைய இரண்டு இடத்திலும் வண்டியைக் காலையில் விட்டு மாலையில் எடுத்திருந்தார் கணக்கர். அவர்கள் பானட்டைத் திறந்து பார்த்தது ஆறிக் குளிர்ந்த எஞ்சினை. ஆறிய ரப்பரில் விரிசல் வாயை மூடிக்கொள்ளும். சூடேறி இளகினால்தான் திறக்கும்.

அன்று மாலை நாலரைக்குச் சூடான வண்டி வந்து நின்றது. பெரியவர் எஞ்சினை அணைக்கவில்லை. போனைக் கணக்கர் கையில் கொடுத்து, உடனடித் திருத்தத்தின் எண்ணை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பிறகு கட்டிங் ப்ளேயரின் வாயில் பழைய துணியைச் சுற்றி, எஞ்சின் மேல் வந்து சேரும் ஓஸ்களை ஒவ்வொன்றாக மெதுவாக நசுக்கினார். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஓஸ்: “எட்டு... எட்டு...” பெட்ரோல் ஆவிக் குழாய்: “எட்டு, ஏழு...” வால்வ் கவரிலிருந்து இன்டேக்குக்குப் போகும், விரல் பருமனுள்ள, முழங்கை மாதிரி வளைந்த ஓஸ்: “எட்டு... ரெண்டு... மைனஸ் அஞ்சு... மைனஸ் பன்னெண்டு!”

பின்வாசல் அடைபட்டது. நாள்பட்ட திருத்தம் 17-ஐ இன்னும் பிடித்துக்கொண்டிருக்க, உடனடித் திருத்தம் 12-ஐக் கழித்துவிட்டது. நிகரம் 5. கணக்கருக்கு அந்தக் கழித்தலை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஓஸைக் கழற்றினார்கள். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. திருப்பினால் வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நகத்தின் நீளத்துக்கு ஒரு வெட்டு. பதினோரு வருடமாக ஆயில் ஆவியும் சூடும் பட்டு ஊறிய ரப்பர். பெரியவர் இரண்டு விரலால் அமுக்கிக் காட்டினார். “அல்வா மாதிரி ஆயிட்டு பாருங்க.” புது ஓஸ் 340 ரூபாய், இரண்டு கிளிப் 40, கூலி 300.

எல்லா வண்டியிலும் ஓஸ்தான் குற்றவாளி என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. வந்து போகிற கோளாறு பெரும்பாலும் மூன்று சமாச்சாரங்களில் ஒன்றோடு சேர்ந்தே வரும்: சூடு, ஈரம், ஆட்டம். எது என்று நோட்டு சொல்லிவிட்டால் பாதித் தேடல் குறைந்துவிடும்.

வண்டி சூடான பிறகு திடீரென்று அணைந்து, அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால், சந்தேகம் முதலில் கிராங்க் சென்சார் பக்கம் போகும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறது; ஆறினால் சேர்ந்துகொள்கிறது. மழையிலும், எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாளும் மிஸ்ஸிங் வருகிறது என்றால் இக்னிஷன் காயிலும் கப்ளர்களும். காயிலைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்கேனர் பி0303 காட்டினால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தக் காயிலையும் இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்ட வேண்டும். அடுத்த முறை பி0302 என்று வந்தால் காயில்தான் கெட்டது, சந்தேகமே இல்லை. பி0303-ஆகவே நின்றால் ப்ளக், இன்ஜெக்டர் என்று வேறு பக்கம் பார்க்கலாம். செலவு, பத்து நிமிடம்.

பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போது வருகிற விளக்கு வயரிங்கைக் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, போனில் எண்களைப் பார்த்தபடி வயர் கட்டை இடம் இடமாக அசைத்துப் பார்க்க வேண்டும். எங்கே அசைக்கும்போது எண் துள்ளுகிறதோ அங்கேதான் பழுது. எர்த் வயர் துருப்பிடித்திருந்தால் சம்பந்தமே இல்லாத நாலைந்து எண்கள் ஒரே நேரத்தில் வரும். பிறகு நம் ஊர் எலி. ராத்திரி சூடான எஞ்சின் மேல் வந்து படுத்து, வயரின் தோலை உரித்துவிட்டுப் போகிறது. செம்புக் கம்பி அறுபடாத வரைக்கும் வண்டி ஓடும். ஈரம் பட்ட அன்று விளக்கு எரியும். பாச்சை உருண்டையும் புகையிலையும் கட்டித் தொங்கவிடுகிறவர்கள், வாரத்துக்கு ஒருமுறை பானட்டைத் திறந்து பல் பதிந்த தடம் இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

யூடியூபில் அடிக்கடி வரும் அமெரிக்க யோசனை ஒன்று: ‘பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கி மூடுங்கள், விளக்கு போய்விடும்.’ அங்கே அது சரி. டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று அந்த ஊர்க் கார்கள் கட்டாயம் சோதிக்க வேண்டும். நம் ஊர் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை. கணக்கரின் கார் மாதிரியான பிஎஸ்-4 வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கசிவுச் சோதனையே கிடையாது. மூடியை எத்தனை தடவை முறுக்கினாலும் விளக்குக்கு அது தெரியப்போவதில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு உபயோகம் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யுமுன் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். திருப்பியபோதே எரியவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், பல்பைக் கழற்றியோ வயரை அறுத்தோ விட்டிருக்கலாம். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும், போனில் ‘ரெடினெஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பல முடியாமல் கிடந்தால், அண்மையில் யாரோ எண்ணை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

சொந்தக் காரில் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டுகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: “அழிக்காதீங்க. எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக்கிடுதேன்.” அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் மணி, இடம், வெயிலா மழையா, நின்றதா ஓடியதா, எத்தனை நேரம் ஓடியது என்ற ஐந்து விவரங்களைக் குறித்துவைத்தால் போதும். யாரிடம் கொண்டுபோனாலும் அவருடைய அரைநாள் வேலை மிச்சம், உங்கள் பணமும் மிச்சம்.

புது ஓஸ் மாட்டி இரண்டு வாரம் கழித்து, பள்ளிக்கூட வாசலில் இருபத்தைந்து நிமிடம் நின்றபடி கணக்கர் மறுபடி எண்களைப் பார்த்தார். ஐடிலிங்கில் கூட்டல் 5. இரண்டாயிரத்து ஐந்நூறில் கூட்டல் 4. அதையும் நோட்டில் எழுதித் தேதி போட்டார். கழற்றிய பழைய ஆக்ஸிஜன் சென்சார் பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிக்கியில் கிடக்கிறது. பெரியவர் அதைப் பழைய இடத்தில் மாட்டிச் சோதித்துப் பார்த்தார். அதில் எந்தக் கோளாறும் இல்லை.